மஞ்சு கலையாத கோட்டை

அந்த வீடியோ கேம் கன்ட்ரோலரின் பிடியில் இன்னும் ஏலக்காய் வாசம் இருக்கிறது. என் தம்பியின் கையிலிருந்து ஏறியது அது. மலைமேல் ஒரு எஸ்டேட்டில் பச்சைக் காயைச் சூட்டறையில் உலர்த்தும் வேலை அவனுக்கு. எந்தச் சோப்புக்கும் போகாத வாசத்தோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் எஸ்டேட் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு போடிக்கு இறங்கி, என் வீட்டுக்கு வருவான். எஸ்டேட்டில் கரண்ட் நிற்பதில்லை என்று விளையாட்டுப் பெட்டியை இங்கேயே வைத்திருந்தான். சாப்பிட்ட ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே டி.வி. முன்னால் உட்காருவான். பக்கத்தில், பிளஸ் டூ படிக்கும் என் மகள்.

பேய் விளையாட்டுதான். இடிந்த கோட்டை, கல்லறைத் தோட்டம், இரவில் தானாகத் திறக்கும் தேவாலயக் கதவு. நாம் அதில் ஒரு வைத்தியர். கையில் ஒரு லாந்தர், இடுப்பில் ஒரு சிறிய மணி. சபிக்கப்பட்ட ஊரில் ஒவ்வொருவரையும் குணமாக்கிக்கொண்டே போக வேண்டும். ஆனால் ஒருவரைக் குணமாக்கும்போதெல்லாம் வைத்தியருக்குத் தன் வீட்டு ஆட்களில் ஒருவரின் முகம் மறந்துபோகும். யாரை மறப்பது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். படிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று அடுப்படியிலிருந்து சத்தம் போடுவேன். ராத்திரி பயந்து கத்துவாளோ, மார்க் குறையுமோ என்று எனக்கு ஆயிரம் கவலை.

"பேய வச்சுப் பயங்காட்டலக்கா. யார மறக்கிறதுன்னு கேட்டுப் பயங்காட்டுறான். இதுல அரிசி இருக்கு" என்பான் தம்பி. ஏலக்காயை உடைத்தால் உள்ளே கறுப்பாக, நிறைந்து இருப்பதைத்தான் அரிசி என்பார்கள். காய் பிரிப்பதைப் போலத்தான் அந்த விளையாட்டையும் பிரித்துப் போட்டான். மழை ஓடுகளில் விழும் சத்தம், ஒரு கிழவி தன் பிள்ளையைப் பற்றிப் பேசும் இடம், இவையெல்லாம் முதல் தரம். கடைசிப் பகுதியின் சண்டைகள் வெறும் தோல். பார்க்கப் பெரிசு, உடைத்தால் ஒன்றுமில்லை. வரைபடத்தைப் பார்த்துப் போனால் சுவரில்தான் முட்டுவோம். எல்லாவற்றையும்விட அவனுக்கு எரிச்சலூட்டியது, விளையாட்டில் ஒரே ஒரு இடத்தைத்தான் சேமித்து வைக்க முடியும் என்பது. ஒரு அடி எடுத்து வைத்தால் பழைய இடம் அழிந்துவிடும். "திரும்பிப் போக வழியே வைக்கல பாரு, கஞ்சப்பய" என்பான்.

வளைவு வந்தால் அந்த மணியை அடிப்பான். மணி அடித்தால் ஆவிகள் கூடிவிடும், வைத்தியர் செத்துப்போவார். மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"எதுக்கு மாமா அடிச்சீங்க?"

"வளைவுல ஹாரன் அடிக்காமப் போனா எதிர வர்றவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"எதிர வர்றது பேயி மாமா!"

"பேயா இருந்தா என்ன ஆத்தா, ஒதுங்கி வழி விடட்டும்."

மஞ்சு, அதாவது மலைப் பனிமூட்டம், வந்தாலும் அப்படித்தான். மலையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் மஞ்சு இறங்கினால் ஓரங்கட்டி, விளக்கைப் போட்டுக் காத்திருப்பார்கள். கோட்டை வாசலிலும் மஞ்சு உண்டு. தம்பி அதன் முன்னால் வைத்தியரை நிறுத்திவிட்டு டீ கேட்பான். அது கலையவே கலையாது. "உள்ள போனாத்தான் கலையும் மாமா" என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். "மலையப் பாக்காத பய செஞ்ச கேமு" என்று திட்டிக்கொண்டே இருந்தான். கடைசியாக வந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது மட்டும், "சரி ஆத்தா, அடுத்த வாரம் உள்ள போயிருவோம்" என்றான்.

அந்த வாரம் மலையில் நல்ல மழை. "மஞ்சுக்குள்ள ஜீப்பு போயிருச்சு" என்றுதான் எனக்கு வந்த முதல் செய்தி. சரிந்து மூடிய மண்ணை அள்ளி அவனை எடுக்க மறுநாள் ஆனது. அழுகைக்கு நடுவிலேயே எனக்குள் ஒன்று இறுகிவிட்டது. உள்ளே போனால்தான் கலையும் என்று விளையாட்டில் கேட்டுக் கேட்டு, மலையிலும் அப்படியே செய்துவிட்டான் என்று. எரித்துவிட்டு வந்த அன்றைக்கே கன்ட்ரோலரைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மகள் ஏன் என்று கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்தது தான்தானே என்று அவளும் நினைத்திருக்கிறாள். அது அப்போது எனக்குத் தெரியவில்லை. அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதை மட்டும் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, தம்பியின் பையை எடுத்துக்கொண்டு எஸ்டேட் டிரைவர் ஒருவர் வந்தார். அன்றைக்கு அவனுக்குப் பின்னால் வண்டி ஓட்டி வந்தவர். ஏன் நிற்காமல் போனான் என்று அவரிடம் கேட்டுவிட்டேன்.

"யாருக்கா சொன்னா? ஓரங்கட்டி, லைட்டப் போட்டு உக்காந்திருந்தாப்ல. நானும் பின்னால நிறுத்திட்டேன். மஞ்சு கலையட்டும்ணே, கீழ போயி டீ குடிப்போம்னு கத்துனாப்ல. அந்நேரத்துக்கு மேல இருந்து மண்ணு வந்துருச்சு."

அவன் காத்துத்தான் இருந்திருக்கிறான். எப்போதும் போல. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் அப்படியே தரையில் உட்கார்ந்து, அன்றுதான் வாய்விட்டு அழுதாள். அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பழி போட ஒன்று இருந்தவரை எனக்கும் பிடிமானம் இருந்தது. அன்றோடு அதுவும் போயிற்று. இப்போதும் மலைப்பக்கம் மேகம் கறுத்தால், அவள் வீடு வந்து சேரும்வரை வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறேன்.

போன வாரம் பீரோவைத் திறந்து கன்ட்ரோலரை நானே எடுத்துக் கொடுத்தேன். திரையில் கோட்டை வாசல் வந்தது. தம்பி விட்டுப்போன இடத்திலேயே, மஞ்சின் ஓரத்தில் வைத்தியர் நின்றிருந்தார். மேலங்கி காற்றில் அசைந்தது. மூச்சு விடுவதைப் போலத் தோள்கள் ஏறி இறங்கின. ஒரு அடி வைத்தால் இந்த இடம் அழிந்துவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"என்னம்மா, போகவா?"

"இரு ஆத்தா. கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சு கலையவில்லை. பிறகு அவள் நகராமல், மணியை மட்டும் ஒரு முறை அடித்தாள். சத்தம் உள்ளே போய்த் தேய்ந்தது. எதிரே யாரும் வரவில்லை.

இன்றும் அப்படியே பார்த்துவிட்டு, அணைத்து, கன்ட்ரோலரை என்னிடம் கொடுத்தாள். பீரோவில் வைப்பதற்கு முன் முகத்தருகே கொண்டுபோனேன். வாசம் போன வாரத்தைவிடக் குறைந்திருந்தது.