சுத்தம் அக்காவின் ரத்தம்

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் 'சுத்தம் அக்கா'. பெருக்கித் துடைத்து வாங்கிய பட்டம் இல்லை, ரத்தத்துக்குக் கிடைத்த பட்டம். சிகரெட் புகையில் இருக்கும் புற்றுநோய் நச்சு உடம்புக்குள் போனால், ரத்தத்தின் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த அணு சாகிற வரைக்கும், நாலு மாதம் போல, விடாது. வாயைக் கொப்பளித்துவிட்டு, மிட்டாயைச் சப்பிக்கொண்டு, 'நான் அதைத் தொடுறதே இல்ல' என்று சத்தியம் பண்ணுகிறவனையும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஒட்டலை அளப்பதுதான் அங்கே வேலை. அளக்கும்போதெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கப் புகை படாத ரத்தம் ஒன்றும் வேண்டும். அதற்கு இவள் கை இருந்தது.

நர்ஸ் வரும்போது கையை நீட்டுவாள். பஞ்சை அமுக்கிக்கொண்டே போய் வேலையைத் தொடங்குவாள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் ஐம்பதைத் தொடப்போகிறவளிடம் உலகம் கேட்டு வாங்குவது இவ்வளவுதானா என்று சில நாள் சலிப்பாக இருக்கும். ஆனாலும் அந்தப் பட்டம் அவளுக்கு உள்ளூரப் பிடித்திருந்தது.

அப்படிப்பட்ட ரத்தத்தில் நச்சின் அளவு ஏற ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், அடுத்த தடவை இன்னும் கொஞ்சம்.

"எங்கயோ அழுக்கு கலந்திருக்கு, தேடுங்க" என்றார் ஆய்வகத் தலைவி.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். கண்ணாடிக் குழாய்களைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். மருந்துப் புட்டிகளைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கினார்கள். கருவியைப் பிரித்து மேய்ந்தார்கள். வாசலில் பீடி பிடிக்கிற வாட்ச்மேன் பாவம், காரணமே தெரியாமல் திட்டு வாங்கினார். கழுவிக் கழுவி இவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. வேலியே பயிரை மேய்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தபோது அவளுக்குத் தோன்றியது. சமையலறை ஜன்னலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தொலைதூர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; அண்ணி போன பிறகு இவளோடு வந்து தங்கியிருந்தார். புகையை அக்கறையாக வெளியே ஊதினார். காற்று அதே அக்கறையோடு அவ்வளவையும் உள்ளே கொண்டுவந்து போட்டது.

"வா வா, டீ போட்டு வெச்சிருக்கேன். புகை ஒண்ணும் உள்ள வரலையே?"

தோளில் பையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். குழாயில் அழுக்கு இருந்தால் அளவு சட்டென்று எகிறியிருக்கும். இது அண்ணனின் பெட்டி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து மெல்ல மெல்ல ஏறியது.

எப்படிச் சொல்வாள்? அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர் அவர். கூடுதல் சம்பளத்துக்காக ராத்திரி வண்டி கேட்டு வாங்கினார். கண் அசந்தால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் போச்சு என்று, தூக்கத்தை விரட்டப் பிடித்ததுதான் முதல் சிகரெட். அந்தப் புகையில் படித்த படிப்பை வைத்துத்தான் இவள் இன்று புகையை அளக்கிறாள்.

மென்று முழுங்கிச் சொல்லிவிட்டாள். அண்ணன் சிகரெட்டை அணைத்தார்.

"உன் ரத்தத்துல என் சிகரெட்டா?"

"கொஞ்சம்தாண்ணா."

நாலு நாள் சிகரெட்டை விட்டுப் பார்த்தார். எரிந்து விழுந்தார், டம்ளரை உடைத்தார். ஐந்தாம் நாள் பெட்டியைக் கட்டினார். "என்னால முடியலம்மா. நான் போறதுதான் சுலபம். பையன் வீட்டுல இருந்துக்கறேன்."

"இருண்ணா" என்று ஒரு தடவை சொன்னாள். இன்னொரு தடவை சொல்லியிருந்தால் இருந்திருப்பார். அலுப்பாக இருந்தது, சொல்லவில்லை.

ஆய்வகத்திலும் உண்மையைச் சொன்னாள். தலைவி தலையில் கை வைத்துக்கொண்டார். இவள் ரத்தத்தை வைத்து ஒப்பிட்டதையெல்லாம் வேறொருவர் ரத்தத்தை வைத்துத் திரும்பச் செய்தார்கள். இவள் ரத்தத்தையும் அவ்வப்போது எடுத்துப் பார்த்தார்கள். அளவு ஏறிய மாதிரியே மெல்ல இறங்கியது. நாலு மாதம் கழித்து, "சுத்தம் அக்கா திரும்பி வந்தாச்சு!" என்று கைதட்டினார்கள். இவளுக்கு அழுகை வந்தது. அண்ணன் அன்றுதான் உண்மையில் வீட்டை விட்டுப் போனது போல இருந்தது.

அன்று சாயங்காலம் அவரே போன் பண்ணினார்.

"என்னம்மா, ரத்தம் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுண்ணா."

"நல்லது." பின்னால் டிவி சத்தம். மருமகள் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப... நான் வரட்டுமா? மொட்டை மாடிக்குப் போய்ப் பிடிச்சுக்கறேன்."

பஸ் ஓட்டியே தேய்ந்துபோன முழங்காலை வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரம்கூட மாடி ஏறமாட்டார். அதற்கப்புறம் பழைய ஜன்னல்தான். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"வாண்ணா" என்றாள்.

மறுநாள் காலையில் நர்ஸ் ரப்பர் பட்டையோடு வந்தபோது அவள் கையை நீட்டவில்லை.

"வேற ஆளைப் பாருங்க மேடம்."

"ஏன்? நேத்துதானே சுத்தமாச்சு!" என்றார் தலைவி.

"ஆமா மேடம். எங்க அண்ணன் வர்றாரு."