மகாதேவியின் கிணற்றில் எண்ணெய்

1992 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மகாதேவி உரும்பிராயை விட்டுப் போனாள். கூட இரண்டு பிள்ளைகளும் ஒரு சூட்கேசும். விசுவமடுவில் தமக்கை இருந்தாள். பக்கத்து வளவுச் செல்வரட்ணம்தான் சூட்கேசைச் சைக்கிளில் கட்டிச் சந்திவரை கொண்டுபோய்விட்டார்.

"உங்களைப்போல அயல் எனக்கு எங்கை கிடைக்கும், அண்ணை" என்றாள். அவர் சைக்கிள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே நின்றார்.

செல்வரட்ணம் பதினெட்டு வருடமாகக் கல்லுடைக்கும் மெசின் ஓட்டியவர். சுற்றுவட்டாரத் தெருக்களிலும் ஒழுங்கைகளிலும் பாதி அவர் உடைத்த சல்லி. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையில் டீசல் இல்லாமற்போய் மற்ற மெசின்களெல்லாம் படுத்துவிட, அவர் மட்டும் மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து ஓட்டினார். புகையில் பலகார வாசம்.

"அண்ணை, கல்லுடைக்கிறியளோ, வடை சுடுறியளோ?" என்பான் கூட வேலை செய்த இன்னாசித்தம்பி.

"பொறடா, உனக்கும் ரெண்டு தாறன்."

ஊர் மெச்சியது. அவருக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. ஆனால் மண்ணெண்ணெய் கசிந்து இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அடிக்கடி மாற்ற வேண்டும். கழிவை மெசினுக்குப் பின்னால், மகாதேவியின் வேலியோரமாக, கல் தோண்டிவிட்ட பழைய கிடங்குக் குழியில் ஊற்றினார்.

"உது எங்கை போகுது அண்ணை?" என்று கேட்டான் இன்னாசித்தம்பி.

"கல்லு குடிச்சிடும்."

தொண்ணூற்றொன்று மாரிமழைக்குப் பிறகு மகாதேவியின் கிணற்றில் எண்ணெய் படர்ந்தது. வெங்காயம் நுனி கருகியது. சின்னவனுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். கிணற்றடியில் அவளுடைய தண்ணீர் மோட்டரும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது.

"நான்தான் மண்ணெண்ணெய் ஊத்தேக்கை சிந்திப்போட்டன் போலை. என்ன நினைக்கிறியள், அண்ணை?"

செல்வரட்ணம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். கிடங்குப் பக்கத்துக் கல்வெடிப்பிலிருந்து கறுப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. சொன்னால் மெசின் அன்றைக்கே நிற்கும்.

"ஓம் தங்கச்சி, மோட்டராய்த்தான் இருக்கும்."

அவள் மோட்டரை நிறுத்தினாள். மூன்று தரம் கிணறு இறைத்தாள். எண்ணெய் போகவில்லை, தோட்டம் போயிற்று. ஆவணியில் அவளும் போனாள். அடுத்த கிழமை அவர் கிடங்கை மண் போட்டு மூடினார். ஏனென்று இன்னாசித்தம்பி கேட்டதற்கு, பாம்பு கிடக்குது என்றார்.

தொண்ணூற்றைந்து பங்குனியில், கொஞ்ச நாள் சண்டை ஓய்ந்திருந்தபோது, விசுவமடுவிலிருந்து வந்த ஒருவர் அவரிடம் கடிதமொன்றைக் கொடுத்தார்.

"அண்ணை, பிள்ளையள் சுகம். ஒண்டை நினைச்சால்தான் மனம் கேக்குதில்லை. என்ரை கவலையீனத்தாலை உங்கடை கிணத்துக்கும் எண்ணெய் வந்திருக்கும். நீங்கள் ஒரு வார்த்தை ஏசேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."