அம்மா வைத்த ஒத்திகை

எனக்கு மட்டும் ஒரு வருடம் முன்னாலேயே புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்துவிட்டார்கள். தெருப் பிள்ளைகளுக்குப் பொறாமை. நான் செபம் நன்றாகச் சொல்வதால் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எட்டு வயது.

காரணம் வேறு. என் நெஞ்சுக்குள் ஓட்டை இருந்தது. ஓடினால் உதடு நீலமாகும். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை சென்னையில் அறுத்துத் தைப்பதாக டாக்டர் நாள் குறித்திருந்தார். பிழைப்பாள் என்று உறுதி சொல்லவில்லை. இது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குச் சொன்னது, மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று.

ரெட்டியார்பாளையத்தில் வாடகை வீடு. அப்பாவுக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. அம்மா கோயில் பீடத்துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். பகல் மூன்று மணி இயேசு உயிர்விட்ட நேரம். எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு அப்போது முட்டி போடுவாள். செபம் ஒரே வரிதான். "வர்றதத் தாங்குற மாதிரி வெச்சிக்கோ, ஆண்டவரே." குணமாக்கு என்று அவள் கேட்டு நான் கேட்டதில்லை. அதெல்லாம் அப்பா கேட்பார். முழ நீள மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வார்.

"இயேசுவே சாவு வேணாம்னு ரத்தமா வேர்த்துக் கேட்டாரு. வுட்டாங்களா?" என்பாள் அம்மா. "முழிச்சினு இருக்கணும். நம்ம கையில அவ்ளோதான்."

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரம், புதன்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. மூன்று மணிக்கு அம்மா எனக்கு வெள்ளைப் புதுநன்மை உடுப்பைப் போட்டுவிட்டாள். முக்காடும் வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். கட்டில் பக்கத்தில் மேசையை இழுத்து வெள்ளைத்துணி விரித்தாள். சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, கிண்ணத்தில் தண்ணீர், அதில் குருத்து ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலை ஒரு துண்டு. பஞ்சு. அப்பா கொண்டுவந்த ரொட்டியில் ஒரு துண்டு.

இந்த மேசையை நான் பார்த்திருக்கிறேன். சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூச சாமியார் வரும்போது எங்கள் ஆட்கள் இப்படித்தான் வைப்பார்கள். ரொட்டி, சாமியார் விரலில் எண்ணெய் துடைக்க.

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. போன ஞாயிறுதான் ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் அந்தக் கதையைச் சொல்லியிருந்தார்கள். செத்துப்போன சிறுமியை இயேசு கையைப் பிடித்து, எழுந்திரு என்பார். அவள் எழுந்துவிடுவாள். ஈஸ்டர் அன்று அதை நாடகம் போடுகிறோம், யார் நடிப்பது என்று பிறகு சொல்கிறேன் என்றிருந்தார்கள். எனக்குத்தான் அந்த வேடம் கிடைத்திருக்கிறது, இது ஒத்திகை என்று நினைத்தேன்.

"படு," என்றாள் அம்மா.

படுத்தேன்.

"கண்ண மூடு. சாமியார் நெத்தியில பூசுவாரு. அப்புறம் ரெண்டு உள்ளங்கையும் காட்டணும். ஆமென் சொல்லணும். அழக் கூடாது."

"வசனம் அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"யாரும்மா வந்து என்ன எழுப்புவாங்க?"

அம்மா கட்டை விரலால் தேங்காயெண்ணெய் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். அந்த வெயிலில் விரல் சில்லென்று இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மெழுகுவர்த்திச் சுடர் ஆடவே இல்லை. பீரோ கண்ணாடியில் ஒரு வெள்ளை உடுப்புக்காரி கிடந்தாள். அவள் யாரோ மாதிரி இருந்தாள். அம்மா அவள் நெற்றியைப் பஞ்சால் துடைத்தாள், பீடத்துணி மடிக்கிற மாதிரி, ஓரம் பார்த்து.

கதவு இடுக்கில் நிழல் விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா. எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிற சத்தம். பிறகு நிறைய செருப்புச் சத்தம். வாசலில் பெண்கள் முட்டி போட்டு அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

"காலையிலகூட நம்ம வூட்ல இட்லி துன்னுச்சுக்கா!" பக்கத்து வீட்டு அக்கா யாரிடமோ சொன்னாள்.

"எத்தினி?"

"நாலு வெச்சேன். ரெண்ட மிச்சம் வெச்சிட்டா. அப்பவே நெனச்சேன்."

நாடகம் பார்க்க ஆள் வந்துவிட்டது என்று நினைத்தேன். நன்றாகச் செய்ய வேண்டும். மூச்சை அடக்கினேன். எண்ணினேன். நெஞ்சுக்குள் யாரோ உள்ளேயிருந்து தட்டினார்கள். விடவில்லை. வாசல் செபம் தூரமாகப் போனது. அப்புறம் கேட்கவே இல்லை.

கிண்ணம் உருளும் சத்தம். அதுவரை நான் கேட்டிராத குரல்.

"எழுந்திரு! எழுந்திருடி!"

அதுதான் வசனம். அம்மாவே சொல்லிவிட்டாள். சிஸ்டர் கதையில் சொன்ன மாதிரி மெதுவாக எழுந்து உட்கார்ந்து சிரித்தேன். வாசலில் ஒருத்தி அலறினாள். பக்கத்து வீட்டு அக்கா சிலுவை போட்டுக்கொண்டே பின்னால் போய் துளசிச் செடித் தொட்டியில் விழுந்தாள்.

அம்மா என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். உதட்டைக் கட்டை விரலால் தேய்த்தாள், கறையைப் போக்குகிற மாதிரி. சுரூபத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"எனக்கு வேணும். குடுத்துடு. இவ எனக்கு வேணும்."

அவள் கேட்டு நான் கேட்டது அன்றுதான். எதிரில்தானே இருக்கிறேன், எதற்குக் கேட்கிறாள் என்று இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். தெருவே சொல்லிவிட்டிருந்தது.

"உயிரோட இருக்கிற புள்ளைக்கு இன்னாடி இது?"

"பயப்படக் கூடாதுன்னுதான்."

"யாரு? அவளா, நீயா?"

அப்பா மேசையிலிருந்த ரொட்டித் துண்டை எடுத்து டீயில் நனைத்துத் தின்றார். வெள்ளைத்துணியை அவரே மடித்தார். மடிக்கத் தெரியவில்லை.

ஈஸ்டர் அன்று வேறு பெண் நடித்தாள். அழுதேன். "உன்னுது நாளைக்கு. சென்னையில," என்றாள் அம்மா.

அதனால் ஆஸ்பத்திரியில் எனக்குப் பயம் இல்லை. பெரிய விளக்குகள் தெரிந்தன. எல்லாரும் பச்சை உடுப்பு போட்டிருந்தார்கள். சக்கரக் கட்டிலில் படுத்தேன், உள்ளங்கை இரண்டையும் விரித்து வைத்தேன். கதவு வரைக்கும் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எழுந்திரு," என்றாள்.

"இப்ப இல்லம்மா. அப்புறம்தான்."

"எழுந்திருடி."

நர்ஸ் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கதவு மூடிய பிறகும் வெளியே சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒத்திகை பார்த்தும் அம்மா வசனத்தை இடம் மாற்றிச் சொல்கிறாளே என்றுதான் நினைத்தேன்.