மூன்று நாள் பயணியாக என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் பதினான்கு வருஷம் சுற்றுலாக் கப்பல்களில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். இப்போது புதுக்கடையில் எங்களோடு இருக்கிறார். அஞ்சுகிராமத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் அண்ணன், அவரை யாரிடமாவது அறிமுகப்படுத்தினால் "கப்பல்ல இருந்தாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வான். என்ன வேலை என்று சொல்ல அவனுக்குக் கூச்சம். எனக்கு அது உறுத்தும். ஆனால் ஒன்றும் சொன்னதில்லை.

போன வருஷம் அண்ணன், மைனி, நாங்கள் இருவர் என நான்கு பேரும் கொச்சியிலிருந்து மூன்று நாள் கப்பலில் போனோம். இவர் பயணியாகக் கப்பலில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

கிளம்பும் முன்பே மைனிக்குப் போன் பண்ணிச் சொன்னார்: "அக்கா, மாத்திரையும் ஒரு மாத்துத் துணியும் கைப்பையில வச்சுக்கிடுங்க. பெட்டி ரூமுக்கு வந்துசேர நேரமாவும். இஸ்திரிப்பெட்டி எடுக்காண்டாம், வாங்கி வச்சுருவாங்க." அண்ணன் கேட்காமல் அதையும் எடுத்து வந்தான். துறைமுகத்தில் இஸ்திரிப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்தார்கள்.

கப்பல் நகர்வதற்கு முன் ஆபத்துக்காலப் பயிற்சிக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். அண்ணன் கட்டிலில் சாய்ந்துகொண்டான்.

"மச்சான், இதுக்கு மட்டும் வந்துரணும். ஆபத்துன்னா நம்ம ஏற வேண்டிய படகு எங்க நிக்குன்னு கண்ணால பாத்துக்கிடுங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அப்படி ஒரு தொனியில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் எழுந்து செருப்பை மாட்டினான்.

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைக் குவித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து மைனியும் கையை நீட்டினாள். "கொஞ்சமா எடுங்க அக்கா, எத்தனை தடவையும் போலாம்" என்றார். அதற்கு முன்பே எங்கள் மூன்று பேரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்திருந்தார். ஒருத்தருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கப்பல் முழுக்கப் பரவிவிடுமாம்.

மறுநாள் மதியம் கடல் குலுங்கியது. அண்ணன் அறையிலேயே வாந்தியெடுத்துவிட்டான். கட்டிலெல்லாம் நாசம். மைனி அழ ஆரம்பித்தாள். இவர் அண்ணனைத் தாங்கிப் பிடித்து, ஆட்டம் குறைவாயிருக்கும் கீழ்த் தளத்து நடுக்கூடத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்தார். "தூரத்துல கடலும் வானமும் சேர்ற எடத்தையே பாருங்க, மச்சான்." பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார். பிறகு மேலே வந்து தரையைத் துடைத்து, விரிப்பை உருவிக் கட்டி ஓரமாக வைத்து, புதுசு கேட்டு வாங்கி விரித்தார். ஆளைக் கூப்பிடலாமே என்றேன்.

"அவருக்கு இண்ணைக்கு எல்லா ரூமும் இப்படித்தான் கெடக்கும். நான் சும்மாதானே இருக்கேன்."

அண்ணனை மறுபடி அறைக்குக் கூட்டிவந்தபோது, அந்தத் தளத்து அறைப் பணியாளர் வாசலில் நின்றார். கோவாக்காரர், நாற்பது வயசு இருக்கும். கட்டில் விரிப்பின் மடிப்பையே பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்:

"இது பழகின கை. சார் எந்தக் கப்பலில் இருந்தீங்க?"

இவர் நிமிர்ந்து நின்றார். "பதினாலு வருஷம். கேபின் வேலை."

அந்த மனிதர் இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு அண்ணனைப் பார்த்து, இவர் உங்களுக்கு என்ன வேணும் என்றார்.

"என் தங்கச்சி மாப்பிள்ளை" என்றான் அண்ணன். கொஞ்சம் நிறுத்தி, "இந்த ரூமை இவருதான் சுத்தம் பண்ணினாரு" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சேர்த்துச் சொன்னான். யாரும் அவனைச் சொல்லச் சொல்லவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அலமாரியைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி நின்றேன்.

கடைசி நாள் காலையில் எல்லோரும் பெட்டியோடு படியில் முண்டினார்கள். "நம்ம எறங்குற நம்பரைக் கூப்பிடட்டும்" என்று எங்களைச் சாயா குடிக்க உட்கார வைத்தார். கருத்துச் சீட்டில் அந்தப் பணியாளரின் பெயரை எழுதுவது அவருக்கு அடுத்த கப்பல் கிடைக்க உதவும் என்றார். அண்ணன் பேனாவை வாங்கி, பெயரில் எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதென்று இரண்டு தடவை கேட்டு, தானே எழுதினான்.