மருந்துச் சட்டை

தொண்ணூறுகளின் நடுவில், மதுரைக் கல்லூரி ஒன்றின் நச்சியல் ஆய்வுக் குழுவில் எனக்கு வேலை. கோச்சடையிலிருந்து கிளம்பி, திருமங்கலத்தில் பஸ் மாறி, பருத்தி விளையும் ஊர்களுக்குப் போய், பூச்சிமருந்து உடம்பை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த படம் ஒன்றையும் கையில் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணாடி, முகமூடி, கையுறை, முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு மருந்தடித்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டையும் மாட்டுனா மருந்து கொல்லாது டீச்சர், வெக்கை கொன்னுரும்" என்றார், ஓர் ஊரில் அந்தப் படத்தைப் பார்த்த விவசாயி ஒருவர். கூட்டமே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் அந்த வெயிலில் நின்றுகொண்டு அவர் சொன்னதை மறுக்க முடியவில்லை.

அந்த ஊரில் கூலிக்கு மருந்தடிக்கும் தம்பி ஒருவன் இருந்தான். புதிதாகக் கல்யாணமானவன். அவன் வீட்டில்தான் எனக்கு மத்தியானச் சாப்பாடு. ஒருநாள் போனபோது அவன் அம்மா வாயெல்லாம் பல்லாக வாசலில் நின்றார்.

"மருமக முழுகாம இருக்கா டீச்சர்! காலையில இருந்து ஒரே வாந்தி, தலைச்சுத்து."

நாள் தள்ளிப்போனதென்னவோ கொஞ்சம்தான். அதற்குள் தெரு முழுக்கச் சீனி கொடுத்தாயிற்று. உள்ளே அந்தப் பெண் வெளிறிப்போய்ச் சுவரோரம் கிடந்தாள். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் சேலையிலிருந்து பருத்திக்காட்டு மருந்து வாடை அடித்தது.

"காலையில என்னம்மா வேலை செஞ்ச?"

"அவுக மருந்தடிச்ச சட்டையத் தொவைச்சேன்க்கா."

"இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் வாந்தி வந்துச்சா?"

"போன தடவை அவுக மருந்தடிச்சன்னைக்கு வந்துச்சு. அன்னைக்கும் தொவைச்சேன்."

மருந்தில் ஊறிய சட்டையை வெறுங்கையால் கசக்கியிருக்கிறாள். சொன்னால் அந்த வீட்டின் சந்தோஷம் போகும். சொல்லாவிட்டால் இவள் உயிருக்கே ஆபத்து. எனக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது, சொல்லிவிட்டேன். மாமியார் முகம் விழுந்துவிட்டது. "நல்ல சேதி சொல்ற வாயா இது?" என்றார். அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

அவளைத் திருமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மருந்து ஏறியதுதான், பிள்ளை இல்லை என்றார் டாக்டர். உடம்பு தேறித் திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதாள். "சீனி தின்ன ஊரு இப்ப என்னை மலடின்னுதானேக்கா சொல்லும்?"

என் ஆத்திரத்தையெல்லாம் அவள் புருஷன்மேல் கொட்டினேன். "இனிமே உன் சட்டைய நீயே தொவைக்கணும். வீட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாது" என்று சொல்லி, எங்கள் குழுவின் பெட்டியில் சும்மா கிடந்த கையுறையை நீட்டினேன். வாங்கி மாட்டிப் பார்த்தான்.

பொண்டாட்டி இருக்கத் தன் சட்டையைத் தானே துவைக்கிற ஆண்பிள்ளையை அந்த ஊர் பார்த்ததில்லை. காட்டோரம் வாளியில் அலசி, கருவேல மரத்தில் காயப்போட்டுவிட்டு வருவான். "மாப்ள, அப்படியே என் சட்டையையும் கும்மிப் போடு!" என்று கத்துவார்கள். "ஒங்க வீட்லயும் ஒருநா வாந்தி எடுக்கட்டும்ணே, அப்பத் தெரியும்" என்பான். பருத்தி வெடிப்பதற்குள் அந்த மரத்தில் வேறு பலர் சட்டைகளும் தொங்கின. வெள்ளைக்காரர் படத்தால் ஆகாதது அவனால் ஆனது. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவனை வெகுவாகப் பாராட்டினார். அவர் சட்டையை அப்போது நான்தான் துவைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரில் அந்த மாமியார். முகத்தில் சிரிப்பில்லை.

"மருமக வாந்தி எடுக்குறா டீச்சர்."

"மறுபடியும் சட்டையத் தொவைச்சாளா?" என்று பதறினேன்.

"மருந்தடிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. சட்டை காட்டுலதான் கெடக்கு. அவ கைய மோந்து பார்த்தேன், சேலைய மோந்து பார்த்தேன், சோப்பு வாடைதான் அடிக்குது. நாளும் நல்லாத் தள்ளிப்போச்சு. ஆஸ்பத்திரியிலயும் ஆமான்னுட்டாக. இன்னும் யாருக்கும் மூச்சு விடல." இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "இப்பவாச்சும் ஊருக்குச் சீனி குடுக்கலாமா?"

"குடுங்கம்மா" என்றேன். பஸ் ஸ்டாப் என்றும் பாராமல், அவர் முதல் சீனியை என் வாயில் போட்டார்.