நீலப் பொடி விழுந்த கிணறு

புகைப்படங்களில் நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ஆழ்ந்த சிந்தனையாளன் என்று நம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் பல்லெல்லாம் காவிக் கறை. அரியலூர்ப் பக்கத்து எங்கள் ஊர்த் தண்ணீர் எனக்கு வழங்கிய அறிஞர் பட்டம் அது. எனக்குப் பல்லோடு போயிற்று. தங்கைக்கு நான்கு வயதிலேயே முழங்கால்கள் வளையத் தொடங்கியிருந்தன.

குடிநீரைச் சீர்படுத்த, ஊராரோடு சேர்ந்தே ஒரு நீண்டகாலத் திட்டம் போடுவதாக ஓர் அதிகாரி வந்தார். எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் முன்பே பாட்டிலில் பிடித்துப் போய்ச் சோதித்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொன்னார். பெண்கள் தெருவும் கோயிலும் கிணறுமாக அழகாக வரைந்தார்கள். கெட்ட தண்ணீருக்குச் சிவப்புப் பொடி, நல்லதற்கு நீலம் என்று சொல்லி அவரே தூவிக்கொண்டு போனார். எங்கள் தெருக்கள் முழுக்கச் சிவப்பு. ஒரே ஒரு நீலம், ரோட்டுக்கு அந்தப்புறம், காலனிக் கிணற்றில் விழுந்தது.

"அங்கேருந்து பைப் போட்டா எல்லாருக்கும் போதுங்க," என்றார்.

ஊரே தொண்டையைச் செருமியது. தள்ளி நின்றிருந்த காலனிக்கார அம்மாள் ஒருவர், "தாராளமா எடுத்துக்கட்டும் சார், தண்ணி கெடக்கு," என்று சொல்லிவிட்டார். அதுதான் வினையானது. உயர்ந்த சாதி என்று எங்களை நாங்களே நியமித்துக்கொண்டிருந்தோம். கொடுக்கிற இடத்தில் அவர்கள், வாங்குகிற இடத்தில் நாங்களா?

ஊர் நாட்டாமையாக முன்னால் உட்கார்ந்திருந்த பெரியப்பா எழுந்தார். "அது ஆவாதுங்க சார். எங்க பக்கமே ஆழமா ஒரு போர் போட்டுக் குடுங்க."

"ஆழம் போகப் போக இன்னும் மோசமாத்தாங்க வரும்."

அம்மா தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "மாமா, புள்ள காலக் கொஞ்சம் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வூட்டுக்குப் போ." சொல்லிவிட்டு, பெரியப்பா நீலத்தின் மேலேயே செருப்போடு நடந்து போனார்.

ஊர் மக்கள் கருத்தை மதிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. மதித்தார்கள். ஆடி முடிவதற்குள் போர் லாரி வந்தது. பூசை போட்டு, தேங்காய் உடைத்து, தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியடித்தபோது பிள்ளைகள் நாங்கள் சட்டையைக் கழற்றிப்போட்டு ஆடினோம். முதல் செம்புத் தண்ணீரைப் பெரியப்பா தன் கையாலேயே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தங்கைக்குக் கொடுத்தார். அவள்மேல் உயிரையே வைத்திருந்தவர். அவள் மூச்சுவிடாமல் குடித்தாள்.

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்து, நான் இன்னொரு செம்பு பிடித்து வர ஓடினேன்.