சிவப்பு மூடி உப்பு

தராசு என்றால் எங்கள் சொந்தத்தில் யாரைச் சொல்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். என் பெரியப்பா மகனின் கொழுந்தியாள் பெற்ற மகள் அவள். எனக்கு மகள் முறை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் டயர் கம்பெனி கேண்டீனில் எச்சில் சோற்றை எடை போடும் வேலைக்குப் போனதிலிருந்து அந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையோடு நின்றுவிட்டது.

எச்சிலை எதற்கு எடை போட வேண்டும் என்று நானும் கேட்டிருக்கிறேன். உணவு ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் அந்தக் கேண்டீனை எடுத்துக்கொண்டு, முந்நூறு பேருக்கு எவ்வளவு சமைக்கிறார்கள், எவ்வளவு வயிற்றுக்குப் போகிறது, எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்று பார்த்தார்கள். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு மேஜை, அதன்மேல் எலக்ட்ரானிக் தராசு, கீழே மூன்று வாளி. தட்டில் மிஞ்சியது ஒரு வாளியில், பரிமாறாமல் மிஞ்சியது ஒரு வாளியில், தோலும் எலும்பும் ஒரு வாளியில். இவள் எடை பார்த்து எழுத வேண்டும். ஆறு மாதத்தில் நாளொன்றுக்கு ஐந்து கிலோ அரிசி குறைந்தது. ஒருவரும் பசியோடு எழுந்திருக்கவில்லை. சமையல் மாஸ்டருக்குத்தான் மனத்தாங்கல்.

"முப்பது வருஷமா கண்ணால அளந்து போட்டவன் நான். இவ வந்து என் மானத்தையும் சேர்த்து எடை போட்டுட்டா."

"அது எந்த வாளின்னு சொல்லுங்க மாஸ்டர், சரியா போட்டுடறேன்" என்பாள் இவள்.

அப்போதெல்லாம் அவள் பயந்த பெண் இல்லை.

அடுத்தபடியாக உப்பு வந்தது. ஆராய்ச்சிக்காரம்மா இரண்டு வகை டப்பாக்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றுக்கு நீல மூடி, ஒன்றுக்குச் சிவப்பு மூடி. பாதிப் பேருக்கு நீல மூடிச் சமையல், பாதிப் பேருக்குச் சிவப்பு மூடிச் சமையல். ஒன்றில் இருப்பது சாதாரண உப்பு. மற்றது இரத்தக் கொதிப்பை ஏற்றாத உப்பு. எது எது என்று மாஸ்டருக்கும் தெரியாது, ஆராய்ச்சிக்காரம்மாவுக்கே தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். விவரம் ஓர் உறைக்குள் ஒட்டப்பட்டு நிலையத்தின் பீரோவில் இருந்தது. சாப்பிடுகிறவர்களை ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் கூப்பிட்டு, என்ன நோய், என்ன மருந்து என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். இவள் அங்கே சாப்பிடுகிறவள் இல்லை, எடை போடுகிறவள். அதனால் அந்த அறைக்குள் இவளை யாரும் கூப்பிடவில்லை.

வாரக் கடைசியில் திறந்த டப்பாவில் மிஞ்சிய உப்பை எடை பார்த்துக் கொட்டிவிட வேண்டும் என்பது சட்டம். நல்ல உப்பு, கிலோ கணக்கில். எதிர்ச் சுவரில் 'உணவை வீணாக்காதீர்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. கொட்டக் கை வருமா? இரண்டிலும் ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். சிவப்பு மூடியில் லேசாகக் கசப்பு. மருந்து என்றால் கசக்கும், எனவே நல்ல உப்பு இதுதான் என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். கொட்டியதாக எழுதிவிட்டு ஒரு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

அதை யாருக்காகக் கொண்டுவந்தாள் என்பதுதான் விஷயம். அவளுடைய மூத்தாருக்காக. புருஷனின் அண்ணன். தாய் தகப்பன் போன பிறகு ஏழு வயதுத் தம்பியைத் தன் கைச்சோறு கொடுத்து வளர்த்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. இரண்டு வருஷமாக அவருக்குச் சிறுநீரகம் பலவீனம். உப்பைக் குறையுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சரக்கு வண்டி ஓட்டும் புருஷன் மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் மூத்தார், அவர் மனைவியான ஓரகத்தி, இவள் என்று மூன்று பேர். சமையல் இவள் பொறுப்பு. கடையில் வாங்கின பத்திய உப்பு என்று சொல்லி ஐந்து வாரம் போட்டாள்.

"உப்பும் இருக்கு, உப்புக் குறைஞ்ச மாதிரியும் இருக்கு. இது என்ன மாயம் தாயி?" என்று மூத்தார் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

ஒரு புதன்கிழமை, பதினொன்றரை மணி. மெஷின்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தார். அவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்று அன்றுதான் தெரிந்திருந்தது. ஆராய்ச்சிக்காரம்மா அவர் கையிலிருந்த சாப்பாட்டு அட்டையை உடனே வாங்கிக்கொண்டாள்.

"இன்னையிலிருந்து நீங்க இந்தச் சாப்பாடு சாப்பிடக் கூடாதுங்க. ரெண்டுல ஒரு உப்புல பொட்டாசியம் இருக்கு. நமக்கு அது நல்லது. கிட்னி சரியில்லாதவங்களுக்கு அது வெளியே போகாம இரத்தத்துலயே தங்கிடும். கை கால் தளர்ந்துபோகும். விட்டா இதயம் நின்னுடும்."

இவள் மூன்றடி தள்ளி நின்று தட்டு எடை போட்டுக்கொண்டிருந்தாள். தராசில் நூற்றுப் பத்து கிராம் என்று தெரிந்தது. அதை எழுதக் கை எழவில்லை. அன்று காலையில் மூத்தார் டம்ளரைக் கீழே போட்டிருந்தார். "பிடிமானம் போச்சு தாயி, வயசாகுது" என்று சிரித்தார். அதற்கு முதல் நாள் படியேற முடியவில்லை என்றார். அதற்கும் முதல் நாள் கால் மரத்துப்போகிறது என்றார். எல்லாம் இப்போது வரிசையாக எதிரே வந்து நின்றன.

ஓரமாகப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மாமா என்ன பண்றாரு?"

"என்ன பண்ணுவாரு, படுத்திருக்காரு. நீ என்னடி வேலை நேரத்துல?"

"சும்மாதான். மத்தியானம் அவருக்கு எதுவும் கொடுக்காதீங்க. நான் வந்து கொடுக்கறேன்."

"ஏன், நான் கொடுத்தா இறங்காதா?" என்று ஓரகத்தி போனை வைத்துவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சொன்னால் வேலை போகும், திருடி என்று பெயர் வரும், புருஷன் முகத்தில் முழிக்க முடியாது. இன்றைக்கு அந்த டப்பாவைச் சாக்கடையில் கொட்டிவிட்டால் நாளைக்குத் தானாகச் சரியாகிவிடாதா? இப்படி நினைத்துக்கொண்டே நாற்பது தட்டு எடை போட்டாள். இதை என்னிடம் சொல்லும்போது, "அந்த நாப்பது தட்டுதான் சித்தப்பா, என்னால ஜீரணிக்க முடியல" என்றாள்.

நாற்பத்தோராவது தட்டில் போன் அடித்தது. ஓரகத்தி.

"குளியலறைக்குப் போகணும்னு எழுந்தாருடி. கால் மடங்கி உட்கார்ந்துட்டாரு. தூக்கினா நிக்க மாட்டேங்குது. பேச்செல்லாம் தெளிவா இருக்கு, காலு மட்டும் அவருது இல்லாத மாதிரி இருக்கு."

தட்டை அப்படியே போட்டுவிட்டு ஆராய்ச்சிக்காரம்மாவின் மேஜைக்கு ஓடினாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. சிவப்பு மூடி, ஐந்து வாரம், சிறுநீரகம் என்ற மூன்றும் வாயிலிருந்து விழுந்திருக்க வேண்டும். ஆராய்ச்சிக்காரம்மா முப்பது வயது தாண்டாத பெண். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"திட்டுங்கம்மா" என்றாள் இவள்.

"அதுக்கு நேரம் இல்ல. ஆட்டோவுல ஏத்தி நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. வாசல்லயே 'கிட்னி நோயாளி, பொட்டாசியம் உப்பு சாப்பிட்டிருக்கார்'னு சொல்லச் சொல்லுங்க. இந்த வார்த்தையே சொல்லணும்."

அந்த வார்த்தையை ஓரகத்தியிடம் சொன்னாள். எதிர்ப்பக்கத்திலிருந்து "சரி" என்ற ஒரே சொல். அந்தச் 'சரி'யைக் கேட்டதற்கு நாலு அடி வாங்கியிருக்கலாம்.

நிலையத்து வண்டியில் இருவரும் போய்ச் சேர்ந்தபோது மூத்தாரின் நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தன. காகிதத்தில் கோடு மலை மலையாக ஏறி இறங்கியது. வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க மாட்டேன் என்று ஊசியை எடுத்தார். நரம்பு வழியாக ஒன்று, அதற்கு மேல் ஒன்று.

"ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு போயிருக்கும்?" என்று கேட்டார்.

எந்த வீட்டில் இதற்குப் பதில் தெரியும்?

"மூணு பேருக்கு இருபத்திநாலு கிராம், டாக்டர். எடை பார்த்துத்தான் போடுவேன். முப்பத்தஞ்சு நாள்" என்றாள் இவள்.

ஆராய்ச்சிக்காரம்மா வராந்தாவில் நின்று நிலையத்துப் பெரியவரோடு போனில் பேசினாள். உறையைப் பிரித்தால் இந்தக் கேண்டீனில் எடுத்த கணக்கெல்லாம் செல்லாது என்று அவர் சொல்வது வெளியே கேட்டது. "பிரிங்க சார்" என்றாள். காகிதம் கிழியும் சத்தம் வந்தது. பொட்டாசியம் இருந்தது சிவப்பு மூடியில்தான். இவள் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருந்தது. புத்திதான் கவிழ்த்துவிட்டது.

மாலைவரை அந்த மர பெஞ்சில் ஓரகத்தியும் இவளும் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மெஷின் வைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்தார்கள். வருகிறவர் வேறு யாருக்கோ வந்தவராக இருப்பார்.

"கடையில வாங்கினேன்னு சொன்னியே" என்றாள் ஓரகத்தி, ஒரு தடவை.

"பொய்க்கா."

"வேற எதுலயாவது பொய் இருக்கா? இப்பவே சொல்லிடு."

"இல்லக்கா."

ஐந்து மணிக்கு வைத்தியர் வந்து, ஆபத்து விலகிவிட்டது, இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். மூத்தார் கண் திறந்ததும் சுற்றிலும் பார்த்தார். "இறங்கற ஸ்டாப்புன்னு நினைச்சேன். சிக்னல்தான் போல" என்றார். ஓரகத்தி அப்போதுதான் அழுதாள்.

வேலை போகவில்லை. அந்தக் கேண்டீனில் உப்பு ஆராய்ச்சி மட்டும் நின்றது. இப்போது வேறு கம்பெனியில், எடை போடுகிறவர்களையும் உள்ளே கூப்பிட்டு, வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கியிருக்கிறார்களாம். மூத்தார் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. ஓரகத்தி மூன்று வாரம் இவளிடம் அடுப்பை விடவில்லை. நாலாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்து, இவள் சமைத்தாள்.

தட்டை மூத்தார் முன்னால் வைத்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒரு கல் உப்புக்கூட இல்லை.

"கடை உப்பையாவது கொஞ்சம் காட்டு தாயி. நீ பயப்படறதுக்கு என் நாக்கு என்ன பண்ணும்?"

எழுந்து போனாள். டப்பாவைத் திறந்தாள். கரண்டியில் எடுத்தாள், அடுக்களையில் வைத்திருந்த சின்னத் தராசில் வைத்தாள், எடையும் சரியாக இருந்தது. பாத்திரத்தின்மேல் கொண்டுபோன கை அங்கேயே நின்றது. காய்ச்சலோடு ஓரகத்தி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, அந்தக் கரண்டியை வாங்கிப் போட்டுக் கலக்கிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் இன்றும் சமைக்கிறவள் தராசுதான். உப்பு மட்டும் ஓரகத்தி கை.